இணைய இணைப்பை மாற்றுமுன் அளந்து பார்ப்போம்

பட்டா, சிட்டா நகல் எடுப்பதும், விளைபொருளின் சந்தை விலையை அறிவதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதும், பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புவதும் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. நமது விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் இதை அனுபவத்தில் அறிவார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று இணைப்பு தடுமாறினால் ஒரு மாணவியின் ஓராண்டுக் காலமே வீணாகிவிடக் கூடும். ஆகவே, வீட்டு இணைப்பின் வேகம் குடும்பத்தின் வருவாயையும் கல்வியையும் தொடுகின்ற செய்தியாகும்.

இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று கண்டவுடன், இருக்கின்ற கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. மாறியவர்களுள் சிலர் நல்ல பயன் பெறுகின்றனர். வேறு சிலரோ, பல மாதக் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தி மாறிய பின்னும் பழைய வேகத்தையே காண்கின்றனர். தடை எங்கே இருக்கிறது என்று பாராமல் மாறுவதே இதற்குக் காரணம். வயலுக்கு நீர் வரவில்லையென்றால், மோட்டாரில் பழுதா, குழாயில் அடைப்பா, கிணற்றிலேயே நீர் இல்லையா என்று பார்த்த பின்னரே நாம் செலவு செய்கிறோம். இணைப்புக்கும் அதே முறை பொருந்தும். அம்முறையை இங்கு வரிசையாக விளக்குவோம்.

வேகத்தின் கணக்கு

இணையத்தில் செல்லும் செய்தியின் மிகச் சிறிய அளவுக்குப் பிட் என்று பெயர். 10 லட்சம் பிட் சேர்ந்தது ஒரு மெகாபிட். கம்பெனிகள் தம் இணைப்பின் வேகத்தை ‘விநாடிக்கு இத்தனை மெகாபிட்’ என்று விளம்பரம் செய்கின்றன. ஆனால் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஒரு கோப்பின் அளவு மெகாபைட் என்று குறிக்கப்படுகிறது. 8 பிட் கொண்டது ஒரு பைட். எனவே, விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வந்து சேராது. இதை அறியாதார், 100 என்று சொல்லிவிட்டு 12 தருகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அது அளவை மாறியதால் வந்த மயக்கம்.

1,000 மெகாபைட் அளவுள்ள காணொளிப் பாடம் ஒன்றை இறக்கிக்கொள்ள 100 மெகாபிட் இணைப்பில் 80 விநாடி போதும். 2 மெகாபிட் இணைப்பிலோ 4,000 விநாடி, அஃதாவது 1 மணி 6 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அகலக்கற்றை எனவும் பிராட்பேண்ட் எனவும் வழங்கும் இணைப்புக்கு இந்திய அரசு குறைந்தபட்ச வேகம் ஒன்றை வரையறுத்துள்ளது. 2004-ஆம் ஆண்டின் கொள்கையில் அது விநாடிக்கு 256 கிலோபிட். 2013-இல் 512 கிலோபிட் ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. இதற்குக் குறைந்ததை அகலக்கற்றை என்று அழைக்கலாகாது என்பதே இதன் பொருள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவே போதும் என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை.

தெளிவான காணொளி ஒன்றைத் தடையின்றிப் பார்க்க ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும். வீட்டில் நால்வர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் 20 மெகாபிட் ஆகிறது. தேவைக்கு மேல் சிறிது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாலும், 40 அல்லது 50 மெகாபிட் இணைப்பு உண்மையிலேயே அந்த அளவுக்கு வருமாயின், பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தாராளம். 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம்.

தடை நேரும் மூன்று இடங்கள்

இணைப்பு நம் கைக்கு வந்து சேரும் வழியை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வீட்டின் உட்பகுதி. ரூட்டர் என்னும் பெட்டியிலிருந்து கைப்பேசி வரையில் செய்தி வைஃபை அலைகளாகச் செல்கிறது. மண் சுவரும் கருங்கல் சுவரும் இரும்புப் பீரோவும் இவ்வலைகளைத் தடுக்கும். பெட்டியைத் திண்ணையோரத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புற அறையில் வேகம் இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் பெட்டியை வைத்தால் செலவின்றியே வேகம் கூடும். பல ரூட்டர்கள் இருவகை அலைகளைத் தருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தொலைவாகச் செல்லும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் தொலைவு செல்லாது. பெட்டி இருக்கும் அறையில் இரண்டாவதையும், தள்ளியுள்ள அறையில் முதலாவதையும் பயன்படுத்துவது தக்கது.

இரண்டாவது, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி. இது பழைய செம்புக் கம்பியாக இருந்தால், எத்திட்டத்தை வாங்கினாலும் அக்கம்பியின் எல்லைக்கு மேல் வேகம் வராது.

மூன்றாவது, ஊரிலிருந்து வெளியே செல்லும் முதன்மைத் தடம். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஊரில் இணைப்பு வழங்குபவர் வெளியிலிருந்து 100 மெகாபிட் மட்டும் வாங்கி, அதை 50 வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் ஐந்து வீடுகள் பயன்படுத்தும்போது வீட்டுக்கு 20 மெகாபிட் கிடைக்கும். இரவு 8 மணிக்கு எல்லா வீடுகளும் பயன்படுத்தினால் வீட்டுக்கு 2 மெகாபிட்தான் மிஞ்சும். கால்வாயில் வரும் நீர் குறைவாக இருக்கும்போது கடைமடையார் படும் துன்பத்தைப் போன்றது இது. வீட்டுக்கு வரும் மடையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் தலைமடையில் இல்லாத நீர் வாராது.

அளந்து பார்க்கும் முறை

இம்மூன்றில் எவ்விடத்தில் தடை உள்ளது என்பதை எவரும் மூன்று நாட்களில் கண்டறியலாம். வேகத்தை அளக்க இலவசச் செயலிகள் உள்ளன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய ட்ராய் வெளியிட்டுள்ள மைஸ்பீட் என்ற செயலியும் அவற்றுள் ஒன்று.

விடியற்காலையில் ஒரு முறையும், பிற்பகலில் ஒரு முறையும், இரவு 8 மணிக்கு மேல் ஒரு முறையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரூட்டருக்கு அருகில் நின்று ஒன்றும், வழக்கமாக அமரும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு அளவுகள் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறி இருப்பின், ரூட்டரோடு அதைக் கம்பியால் இணைத்து அளப்பது இன்னும் நம்பகமானது. அளக்கும் நேரத்தில் வீட்டில் பிறர் இணையத்தைப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும்.

இக்குறிப்பைக் கொண்டு முடிவு காண்பது எளிது. பெட்டியின் அருகில் வேகம் நிறைந்தும் அறையில் குறைந்தும் இருந்தால் தடை வீட்டுக்குள் உள்ளது. கம்பெனியை மாற்றத் தேவையில்லை. விடியற்காலையில் நிறைந்தும் இரவில் மிகக் குறைந்தும் இருந்தால் ஊரின் முதன்மைத் தடத்தில் நெருக்கடி உள்ளது எனக் கருதலாம். எந்நேரமும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் கம்பியையோ பெட்டியையோ வாங்கிய திட்டத்தையோ ஆராய வேண்டும். மாதத் தொடக்கத்தில் நன்றாக இருந்து மாதக் கடைசியில் திடீரெனக் குறைந்தால், திட்டத்தில் கூறிய அளவைக் குடும்பம் தாண்டிவிட்டது என்பது பொருள். குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை பல திட்டங்களில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

செம்பும் கண்ணாடியும் காற்றும்

செம்புக் கம்பி தொலைபேசிக்காகப் போடப்பட்டது. அதில் இணையத்தைச் செலுத்தினால் தொலைவு செல்லச் செல்ல வேகம் தேய்ந்துவிடும். தொலைபேசி நிலையத்துக்கு அருகில் 24 மெகாபிட் வரையில் தரக்கூடிய முறை, ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஓரிரு மெகாபிட்டுக்கே தடுமாறும். வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகமோ ஏறத்தாழ 1 மெகாபிட் அளவில் நின்றுவிடும். இணையவழி வகுப்பில் மாணவியின் முகமும் குரலும் ஆசிரியருக்குச் சரியாகச் சென்று சேராமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கண்ணாடி இழையில் செய்தி ஒளியாகச் செல்கிறது. தூய கண்ணாடி இழையின் வழியே நெடுந்தொலைவு செய்தி அனுப்ப இயலும் என்பதை 1966-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோ என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீடுகளுக்கு இழை கொண்டுவரும் ஜிபான் என்ற முறையில், ஒரே இழையிலிருந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். அந்த இழை சுமார் 2,488 மெகாபிட் சுமக்கும். 64 வீடுகளும் ஒரே விநாடியில் முழுமையாகப் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு 38 மெகாபிட்டுக்குக் குறையாது. 20 கிலோமீட்டர் வரையில் தொலைவினால் இதன் வேகம் தேய்வதில்லை. எனவே, செம்பிலிருந்து கண்ணாடி இழைக்கு மாறுவதே உண்மையான மாற்றமாகும். அதே கம்பெனியில் இருந்துகொண்டும் இதைச் செய்யலாம்.

கண்ணாடி இழைக்கு இரண்டு குணங்கள் உண்டு. கூர்மையாக மடக்கினால் ஒளி கசிந்து வேகம் குறையும். ஆகவே கதவிடுக்கிலோ ஆணியைச் சுற்றியோ அதைக் கட்டலாகாது. மற்றொன்று, இழையில் மின்சாரம் வாராது. பழைய செம்புத் தொலைபேசி, நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்தால் இயங்கியமையின், ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் பேச முடிந்தது. இழை இணைப்பில், வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இல்லையேல் இணையமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குவன; அதற்கென விற்கும் சிறிய மின்கலப் பெட்டியை வாங்கி வைப்பது, குறிப்பாக முதியோர் உள்ள வீடுகளில், அவசியம்.

கண்ணாடி இழை எட்டாத தோட்ட வீடுகளுக்குக் காற்றுவழி இணைப்பு உதவும். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. அதன் வழியே வீட்டு இணைப்பும் பல இடங்களில் தரப்படுகிறது. கோபுரத்தின் தொலைவையும், அதைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையையும் பொறுத்து இதன் வேகம் மாறும். வாங்குமுன் நம் வீட்டிலேயே வைத்துச் சோதித்துக் காட்டுமாறு கேட்பது முறை.

மாறுமுன் கேட்க வேண்டியவை

பல கிராமங்களில் கேபிள் தொலைக்காட்சி நடத்துவோரே கம்பெனிகளின் கூட்டாளிகளாக இணைப்பைத் தருகின்றனர். இரண்டு கம்பெனிகளின் பெயர் வேறாயினும், ஊருக்குள் வரும் தடம் ஒன்றாகவே இருக்கக் கூடும். அவ்வாறாயின், பெயரை மாற்றுவதால் இரவு நேர நெருக்கடி தீராது. எனவே, ஊருக்கு வரும் தடம் யாருடையது, அது அறுந்தால் மாற்றுத் தடம் உண்டா, பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். இவற்றை விடவும் பயனுள்ளது, அதே கம்பெனியின் இணைப்பை முன்பே பெற்றுள்ள அண்டை வீட்டாரிடம் இரவு 8 மணிக்கு மேல் சென்று வேகத்தை அளந்து பார்ப்பது.

கட்டணத்தையும் முழுமையாகக் கணக்கிட வேண்டும். விளம்பரத்தில் மாதம் 500 ரூபாய் என்றிருந்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியைச் சேர்த்து 590 ரூபாய் ஆகும். பொருத்தும் கட்டணம், பெட்டிக்கான காப்புத்தொகை, சலுகைக் காலம் முடிந்த பின் உள்ள கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். முதன்முறை ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு முன்பணம் கட்டுவதைத் தவிர்த்து, ஒரு மாதம் பார்த்த பின் நீட்டிப்பது அறிவுடைமை.

மாறும் வரிசை

கைப்பேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் இந்தியா முழுவதும் வந்தது. வீட்டுத் தொலைபேசிக்கும் அகலக்கற்றைக்கும் அத்தகைய ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. புதிய கம்பெனி பழையதைத் தானாக நிறுத்திவிடும் என்று எண்ணி இருந்தவர்கள், இரண்டுக்கும் கட்டணம் கேட்கப்பட்டுத் துன்புற நேரிடும். ஆகவே பின்வரும் வரிசையைக் கைக்கொள்வது நன்று.

1. பழைய இணைப்பை நிறுத்தாமலே புதியதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் தேர்வுக் காலமும் விண்ணப்பக் காலமும் நீங்கலாக வேறு மாதத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

2. பொருத்துபவர் செல்லுமுன், அவர் எதிரிலேயே வேகத்தை அளக்க வேண்டும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த சிவப்பு விளக்கு எரியுமாயின் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள்.

3. வைஃபையின் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும்.

4. ஓரிரு வாரம் இரவு நேரத்திலும் அளந்து, மனநிறைவு ஏற்பட்ட பின்னரே பழைய இணைப்பை நிறுத்துமாறு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுத் தொலைபேசி எண் போய்விடும் என்பதால், வங்கியிலும் பிற அலுவலகங்களிலும் அவ்வெண் கொடுக்கப்பட்டிருந்தால் முன்னதாகவே மாற்றிக்கொள்ள வேண்டும்.

5. பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். நிலுவை இல்லை என்பதற்குச் சான்றும், காப்புத்தொகைக்கு விண்ணப்பமும் இதனுடன் சேர்ந்தவை.

6. வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால், இறுதிப் பட்டியல் தீர்ந்ததும் அதை நீக்கிவிட வேண்டும்.

குறை ஏற்பட்டால்

வாய்மொழியாக முறையிடுவதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு புகாருக்கும் எண் கேட்டுப் பெற வேண்டும். ட்ராய் 2012-இல் வகுத்த ஒழுங்குமுறையின்படி, புகார் மையத்தில் குறை தீராவிடில் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அம்முறையீடு 39 நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புக் குறைகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்துள்ளது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. நாம் முன்னர்க் கூறிய மூன்று நாள் அளவுக் குறிப்பு இவ்விடங்களிலெல்லாம் நல்ல சாட்சியாகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

வீட்டுக்குள் உள்ள தடையைக் குடும்பம் நீக்கலாம். ஊரின் முதன்மைத் தடத்தில் உள்ள தடையைத் தனி ஒருவரால் நீக்க இயலாது. அங்கேதான் பஞ்சாயத்தின் பணி தொடங்குகிறது.

கிராமப் பஞ்சாயத்துகள் அனைத்துக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் தேசியத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் பணிக்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 2018-இல் அமைக்கப்பட்டது. இத்தடம் தம் ஊருக்கு எந்த நிலையில் வந்துள்ளது, பஞ்சாயத்து அலுவலகத்தில் உள்ள பெட்டி இயங்குகிறதா, அதிலிருந்து வீடுகளுக்கு இணைப்புத் தர யார் முன்வருவர் என்பதை உறுப்பினர்கள் விசாரித்தறிந்து கிராம சபையில் தெரிவிக்கலாம்.

ஒருவர் தனியே கேட்டால் கம்பெனி தடம் கொண்டுவரத் தயங்கும். 60 குடும்பங்கள் கையொப்பமிட்ட பட்டியலோடு கேட்டால் அதற்கு வருவாய்க் கணக்குப் புலப்படும். இரண்டு கம்பெனிகளிடமிருந்து விலையும் நிபந்தனையும் எழுத்தில் பெற்றுப் பொது இடத்தில் ஒட்டிவைத்தால், மக்கள் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வர்.

இழை அறுபடுவதைத் தடுப்பதும் பஞ்சாயத்தின் கையில் உள்ளது. குடிநீர்க் குழாய்க்கோ சாலைக்கோ மண் தோண்டும் இயந்திரம் இறங்கும்போது நிலத்தடி இழை வெட்டுண்டு, பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் பல நாள் இணைப்பின்றித் தவிப்பதுண்டு. தோண்டுமுன் கம்பெனிகளுக்கு அறிவிப்பதற்காக ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. பஞ்சாயத்துப் பணிக்கு ஒப்பந்தம் வழங்கும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம். அதுபோலவே, கம்பெனிக்குக் கம்பம் நடவோ பள்ளம் தோண்டவோ ஒப்புதல் அளிக்கையில், சாலையைப் பழையபடி சீர்செய்யும் பொறுப்பையும் எழுதிவாங்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு முன், ஊரில் ஒரு தெருவில் பத்து வீடுகளிலேனும் மூன்று நாள் வேகத்தை அளந்து ஒரு பதிவேட்டில் எழுதுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பள்ளியில் மேல்வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் இப்பணியை மகிழ்ச்சியோடு செய்வர். எத்தனை வீடுகளில் பெட்டியை நகர்த்தினால் போதும், எத்தனை வீடுகளில் செம்புக் கம்பியை மாற்ற வேண்டும், ஊர்த் தடமே போதாமல் உள்ளதா என்பன அப்பதிவேட்டிலிருந்து தெளிவாகும். அதன்பின் மாற வேண்டியவர்கள் மாறட்டும். மற்றவர்களின் பணம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.